ஆ காட்டுங்க

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். செட்டுக்காரர் விஷயத்தில் அந்தப் பழமொழி தலைகீழாக நின்றது. எண்பதைத் தாண்டியும் பல் அத்தனையும் அவருடையதே. ஒன்றுகூட ஆடவில்லை. சொல்தான் ஒவ்வொன்றாக உதிர்ந்து போனது.

முதலில் மனிதர்களின் பெயர் போயிற்று. பிறகு சாமான்களின் பெயர். "அத எடு, அந்த அது" என்று கையை ஆட்டுவார். மருமகளும் தண்ணீரா, துண்டா, கண்ணாடியா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, எதற்கு முகம் தெளிகிறதோ அதைக் கொடுப்பாள். பிறகு அந்த 'அது'வும் போயிற்று. 'ம்' மட்டும் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த மழை பிடித்ததிலிருந்து அதுவும் இல்லை. சன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தால் உட்கார்ந்திருப்பார். படுக்க வைத்தால் படுத்திருப்பார். கண் திறந்திருக்கும், எதிலும் நிற்காது.

ஊருக்கெல்லாம் பல்செட் கட்டிக் கொடுத்த மனிதர். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேலே, செங்குத்தான படியேறிப் போனால் ஒரே அறை. சாயும் நாற்காலி ஒன்று, அதன் தலைக்கு மேல் விளக்கு ஒன்று, மெழுகு, வெள்ளைச் சாந்து, சின்னச் சின்ன அரங்கள். கன்னம் ஒட்டிப்போய் ஏறி வருகிறவர்கள் நாலைந்து நடை நடந்த பிறகு கடலை கடித்துக்கொண்டு இறங்குவார்கள். நாமெல்லாம் ஒருவரிடம் பேசினால் கண்ணைப் பார்ப்போம். அவர் வாயைப் பார்ப்பார். மகனுக்குப் பெண் கேட்டுப் போன அன்றும் அப்படித்தான். பெண் என்ன படித்தாள், என்ன வேலை தெரியும் என்று ஒரு கேள்வி கிடையாது. யாரோ சொன்ன பேச்சுக்கு அவள் சிரித்துவிட்டாள். "நல்ல வரிசை" என்றார். சம்பந்தம் முடிந்தது.

அன்று போனது மருமகளின் சிரிப்பு. அவர் எதிரில் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பேச்சும் அளவோடுதான். "என்னம்மா, சாப்பிட்டாச்சா?" "ஆச்சு மாமா." ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷமும் இந்த இரண்டு வரியை வைத்தே ஓட்டிவிட்டார்கள். அதில் குறையும் இல்லை. சில வீடுகளில் நாள் முழுக்கப் பேசுகிறார்கள், இந்த மரியாதை இருப்பதில்லை.

இப்போது வந்திருக்கிற கஷ்டம் அதே வாயால் வந்தது. கரண்டி உதட்டில் பட்டால் போதும், உதடு பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மருமகள் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதுபோல் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டிப் பார்த்தாள். கிண்ணத்துக் கஞ்சியில் கால்வாசி உள்ளே போனால் பெரிய காரியம். மீதி தாடை வழியாகச் சட்டைக்கு, சட்டை வழியாக விரிப்புக்கு. விரிப்பைத் துவைத்தால் காய்வதில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, ஈரத் துணிக்கு நடுவே குனிந்து குனிந்து நடமாடினாள். வீடே ஈர நாய் மாதிரி நாறியது. இதற்கிடையில் அவள் பிழைப்பு வேறு. பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக் கொடுக்கிற வேலை. மூட்டை மூட்டையாக வரும், மூட்டை மூட்டையாகப் போகும். முன்பெல்லாம் சட்டைகளைத் தைத்து மடித்து அடுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இப்போது ஒரு பட்டனுக்கும் அடுத்த பட்டனுக்கும் நடுவில் ஊசியைத் தேடுவதே வேலையாக இருந்தது.

வந்து பார்த்த டாக்டர் நல்ல மனிதர்தான். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இப்படி எடை இறங்கினா உடம்பு தாங்காதும்மா. இந்த வாரம் பாருங்க. வாயால இறங்கலைன்னா மூக்கு வழியா குழாய் போட்டுடலாம். நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க. ஒண்ணும் பயமில்ல."

பயம் அவளுக்குக் குழாயைக் கண்டு இல்லை. போன காய்ச்சலின்போது ஆஸ்பத்திரியில் குழாய் போட்டதைப் பார்த்தவள்தான். போட்ட அரைமணி நேரத்தில் பிடுங்கிவிட்டார். திரும்பப் போட்டார்கள், திரும்பப் பிடுங்கினார். அப்புறம் இரண்டு கையையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வேறு வழியில்லை, அவர்கள்மேல் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. ஆனால் மெழுகில் மயிரிழை மேடு இருந்தாலும் கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. கட்டின துணியின் முனை எங்கே என்று கட்டைவிரல் நாள் முழுக்கத் தடவிக்கொண்டே இருந்தது. முனை கிடைக்கவே இல்லை. அதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"அங்க கட்டுறதுக்கு ஆள் இருந்தாங்க" என்று போனில் புருஷனிடம் சொன்னாள். "இங்க யாரு கட்டுறது? நான்தானே கட்டணும்."

புருஷன் லாரி ஓட்டுகிறவன். எங்கோ ஒரு செக்போஸ்டில் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஹாரன் சத்தம். "நீ பக்கத்துல இருந்து பார்க்கிற. நீ எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றான்.

கேட்க நல்ல வார்த்தைதான். ஆனால் பாருங்கள், பாரத்தை ஒருத்தி தலையில் தூக்கி வைக்கிறவர்கள் எல்லாம் இதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டு வைக்கிறார்கள்.

நாத்தனார் அப்படி இல்லை. அவளுக்கு அபிப்பிராயம் இருந்தது. வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். பேத்தி எடுத்த பிறகும் பாப்பாதான். பேருந்து மாறி மாறி நனைந்துகொண்டு வந்தவள், அப்பாவின் கன்னத்தைப் பார்த்ததும் உட்காரக்கூட இல்லை.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. எங்கப்பா ஊருக்கே மென்னு தின்ன வழி பண்ணினவர். அவரு பட்டினியா சாகணுமா?"

"நான் பட்டினி போடுறேனா?"

"நீங்க போடுறீங்கன்னு சொல்லல. அவர் கிடக்கிறாருன்னு சொல்றேன். குழாய் போட்டா என்ன? எத்தனை பேருக்குப் போடுறாங்க."

"போடுறது ஒரு நிமிஷம் பாப்பா. அப்புறம் கையைக் கட்டணும். கட்டின கையோட அவர் என்னைப் பார்ப்பாரு."

"அவர் யாரையும் பார்க்கிறதில்ல அண்ணி."

அடுப்பில் பால் பொங்கிற்று. மருமகள் அதைப் போய் இறக்கினாள்.

இந்த நேரத்தில்தான் பொம்மை டீச்சர் வந்து சேர்ந்தாள். டாக்டரே அனுப்பி வைத்த பெண். ஞாபகம் அடியோடு போனவர்களுக்குத் தொடுவது, முகர்வது, கேட்பது வழியாக ஏதாவது ஒரு கதவு திறக்கிறதா என்று பார்க்கிற படிப்பாம். தோளில் பெரிய பை. அதற்குள் இறகு, மணி, கரடுத்துணி, வழவழத் துணி, நிறம் மாறுகிற விளக்கு, சின்னச் சின்ன வாசனைப் புட்டி. பாப்பாதான் அவளுக்கு அந்தப் பெயர் வைத்தது. "குழந்தைகளுக்குக் கடை போடுற மாதிரி இருக்கே. இதுக்கா எங்கப்பா வாயைத் திறக்கப் போறாரு?"

டீச்சர் கோபப்படவில்லை. "திறக்காமலும் போகலாம்மா. நான் மந்திரவாதி இல்ல. ஆனா அவர் இப்ப இருட்டுல உக்காந்திருக்கிற மாதிரி. நாம பேசுறது அவருக்குச் சத்தம், அவ்வளவுதான். அர்த்தம் போய்ச் சேராது. வாசனை போய்ச் சேரலாம். கை சூடு போய்ச் சேரலாம்" என்றாள். நாற்காலிக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு, வெந்நீரில் பிழிந்த துண்டை அவர் கைகளில் சுற்றினாள். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி மூக்கருகே காட்டினாள். கண்கள் ஒரு நொடி அந்தப் பக்கம் போய்வந்தன. "பார்த்தீங்களா, முழிச்சுத்தான் இருக்கார்" என்று மருமகளைப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப நீங்க வாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க."

மருமகள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா பிடிச்சுக்கிட்டு இருங்க."

"சும்மாவா?"

"ஏன், கூச்சமா?"

"இல்லம்மா. குளிப்பாட்டுறேன், துணி மாத்துறேன், எல்லாம்தான் கழுவி விடுறேன். அதுலயெல்லாம் கூச்சம் எப்பவோ போச்சு. அது வேலை. வேலையில்லாம சும்மா மாமா கையைப் பிடிச்சதே இல்ல."

பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. கடைசியில் மருமகள் நகவெட்டியை எடுத்து வந்து, நகம் வெட்டுகிற சாக்கில் கையைப் பிடித்தாள். வெட்ட நகம் அதிகம் இல்லை. முந்தாநாள்தான் வெட்டியிருந்தாள்.

போகும்போது டீச்சர் கேட்டாள். "அவர் தொழில் சாமான் ஏதாவது மிச்சம் இருக்கா?"

எங்கே இருக்கும்? அறையைக் காலி பண்ணினபோது எல்லாம் எடைக்குப் போயிற்று. பாப்பா மட்டும் ஞாபகத்துக்கு என்று ஒரு மாதிரி செட்டை எடுத்துப் போயிருந்தாள். கடை வாசலில் கண்ணாடிப் பெட்டியில் சிரித்துக்கொண்டிருந்த மேல்வரிசை, கீழ்வரிசை. மறுநாளே அதைக் கொண்டு வந்துவிட்டாள். அப்பா கையில் வைத்தாள்.

அம்மாடி, அந்த விரல்கள். பிடிபட்ட மீன் மாதிரி உயிர் வந்துவிட்டது அவற்றுக்கு. செட்டைத் திருப்பினார், ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒரு இடத்தில் நின்று, நகத்தால் சுரண்டினார். பாப்பா கண்ணில் தண்ணீர் நின்றது. "அப்பா, நீங்க பண்ணினதுப்பா. அண்ணி, கஞ்சி கொண்டாங்க, இப்பக் குடுங்க, சீக்கிரம்."

மருமகள் கரண்டியை நீட்டினாள். செட்டுக்காரர் முழங்கையால் அதை ஒதுக்கித் தள்ளினார். கிண்ணம் கவிழ்ந்தது. உதடு முன்னைவிட இறுகிவிட்டது. அன்று முழுக்க ஒரு மடக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. செட்டைப் பிடுங்கி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் மருமகளுக்கு உறைத்தது. அந்த மாடி அறைக்கு எத்தனை வருஷம் சாப்பாடு கொண்டு போயிருக்கிறாள். அடுத்தவர் வாயில் விட்ட கையால் ஒரு கடலைகூட வாயில் போடமாட்டார். விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவின பிறகுதான் டப்பாவைத் திறப்பார். அதற்குள் சோறு விறைத்துப் போயிருக்கும்.

"பாப்பா, நாம அவரை வேலைக்கு அனுப்பிட்டோம்" என்றாள். "வேலை நேரத்துல மாமா சாப்பிட மாட்டாரே."

"அப்ப எதை வச்சுத்தான் எழுப்புறது?"

"தெரியல."

"தெரியலைன்னா, சனிக்கிழமை நர்ஸ் வரட்டும் அண்ணி." குரலில் வீம்பு இல்லை. களைப்புதான் இருந்தது. வாசலில் குடையை விரித்தபடி திரும்பிப் பார்த்தாள். "உங்களைக் குத்தம் சொல்லல. உங்க முகத்தையும் பார்க்கிறேன்ல. நீங்களே பாதியாயிட்டீங்க."

பாதியானதற்குக் காரணம் வேறு ஒன்றும் இருந்தது. மருமகளுக்குக் கடைவாய்ப் பல் குடைந்துகொண்டிருந்தது. நல்ல வரிசையில் ஒன்று, யாருக்கும் தெரியாமல், உள்ளே பொத்தலாகிக் கொண்டிருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றால் மாமாவை யாரிடம் விட்டுப் போவது? கஷ்டத்தை எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கச் சொல்கிறார்கள். பல்லே கஷ்டம் என்றால் எதைக் கடிப்பது? வெள்ளிக்கிழமை காலையில் வலி காதுவரை ஏறிவிட்டது. மருந்துக்கடைப் பையனிடம் சொல்லிக் கிராம்புத் தைலம் வாங்கி, பஞ்சில் நனைத்து, கடைவாயில் அடக்கிக்கொண்டாள். நாக்கு தடித்தது. கண்ணில் நீர் வந்தது. அப்படியே கஞ்சிக் கிண்ணத்தோடு மாமா எதிரில் போய் உட்கார்ந்தாள். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, டீச்சர் சொன்னபடி சின்னக் கரண்டியாக எடுத்துக்கொண்டு, "மாமா, கொஞ்சம்" என்று குனிந்தாள்.

அவள் மூச்சு அவர் முகத்தில் பட்டது.

செட்டுக்காரர் தலையைத் தூக்கினார். சன்னலிலும் சுவரிலும் நிற்காத கண்கள் நேரே வந்து அவள் வாயில் நின்றன. வலது கை மெல்ல எழுந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அவள் தாடையின் நுனியைப் பிடித்து, வெளிச்சம் இருக்கிற பக்கமாகத் திருப்பின. வலிக்காத பிடி. ஆனால் உதறிக்கொள்ள முடியாத பிடி.

"ஆ காட்டுங்க" என்றார்.

குரல் கரகரத்து, பூட்டின பெட்டியைத் திறந்த மாதிரி வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வருகிற பேச்சு. மருமகளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஆச்சரியத்திலும் ஒன்று கவனித்தாள். காட்டுங்க என்கிறார். அவளை ஒருநாளும் வாங்க போங்க என்று பேசினவர் இல்லை. வாம்மா, போம்மாதான். இவர் தன்னிடம் பேசவில்லை, படியேறி வந்த யாரோ ஒருவரிடம் பேசுகிறார்.

பழக்கதோஷம், அவள் கை வாயை மூடப் போயிற்று. அவர் அந்தக் கையைப் பொறுமையாக இறக்கிவிட்டார்.

"பயப்படாதீங்க. ஆ."

ஆ என்று சொல்லும்போதே அவர் வாயும் திறந்தது. பெரிதாக, கடைவாய் தெரியத் திறந்தது. குழந்தைக்குச் சோறூட்டுகிற தாய்மார்களைப் பாருங்கள், குழந்தை திறக்கிறதோ இல்லையோ இவர்கள் வாய் திறந்துகொள்ளும். அவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவரை என்ன செய்யச் சொல்கிறாரோ அதைத் தன் வாயிலும் செய்வார். திறங்க என்றால் திறப்பார். கடிங்க என்றால் கடிப்பார். மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்க்கிற வாண்டுகள் அவரைப்போல வாயைப் பிளந்து காட்டிவிட்டு ஓடும். அவருக்கு அது தெரிந்ததே இல்லை.

மருமகள் கூச்சத்தை விட்டுவிட்டு வாயைத் திறந்தாள். அவர் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் கரண்டி, கரண்டியில் கஞ்சி. அதை ஊட்டத் தோன்றுவதற்குள் அவர் வாய் மூடிவிட்டது.

"பின்னால ஒண்ணு போயிருக்கு" என்றார்.

"ஆமாங்க" என்றாள்.

"இன்னொரு தரம் காட்டுங்க. நல்லா."

இந்த முறை விடவில்லை. அவர் திறந்ததும் கரண்டி உள்ளே போய் வந்துவிட்டது. செட்டுக்காரர் திடுக்கிட்டார். கஞ்சி நாக்கில் இருக்க, புருவத்தைச் சுருக்கி அவளையே பார்த்தார். துப்பிவிடுவாரோ என்று அவளுக்கு உயிரே இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அதுதான் சரியாகப் போயிற்று. அவள் மூடியதைப் பார்த்ததும் அவர் முகம் இளகிற்று. தொண்டையில் விரல் வைத்துக் காட்டினார். "எச்சில முழுங்குங்க" என்று வாய் மூடியபடியே முனகி, தானும் முழுங்கினார். செட் பொருந்தியிருக்கிறதா, முழுங்கும்போது தூக்குகிறதா என்று பார்ப்பதற்கு அவர் எல்லாரையும் அப்படிச் செய்யச் சொல்வார். அவளும் முழுங்கினாள். தைலமும் எச்சிலும் கண்ணீருமாக என்னவோ இறங்கிற்று.

அவர் சாப்பிடவில்லை, பாருங்கள். வேலை நேரத்தில் அவர் சாப்பிடமாட்டார். செய்து காட்டினார், அவ்வளவுதான். கஞ்சிக்கு அது தெரியுமா?

அன்று பகலில் டீச்சரைப் போனில் கூப்பிட்டாள். டீச்சருக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கிற்று. "தைலம் வாசனைதாம்மா. பல்வலியோட அவர்கிட்ட வந்தவங்க வாயெல்லாம் இந்த வாசனைதானே அடிச்சிருக்கும். எனக்குத் தோணவே இல்ல பாருங்க. அதையே பிடிச்சுக்கங்க. நிமிர்ந்து உக்காந்திருக்கணும், அவசரப்படுத்தக் கூடாது, ஒரு வாய் இறங்கினப்புறம்தான் அடுத்தது."

"சரிம்மா."

"நீங்க ஏன் சந்தோஷமாவே பேசல?"

"தாடை வலிக்குது" என்றாள் மருமகள்.

சனிக்கிழமை பாப்பாவும் நர்ஸும் ஒரே குடையில் வந்தார்கள். நர்ஸ் வயதில் பெரியவள், வாட்டசாட்டமானவள். பையிலிருந்து குழாயைப் பாக்கெட்டோடு எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "எங்க கை கழுவுறது?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கக்கா. ஒரு தரம் பார்த்துட்டுப் போடுங்க" என்றாள் மருமகள்.

கதவோரம் நின்று இருவரும் பார்த்தார்கள். தைலப் பஞ்சு, நாற்காலி, ஆ காட்டுங்க, கரண்டி, மூடுங்க, முழுங்குங்க. நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாய்க்கும் அவர் தொண்டையையே பார்த்தாள். பாப்பா பார்த்தது வேறு. தன் அப்பா பேசுவதைப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் தாங்கமுடியாமல் உள்ளே வந்து, அண்ணி தோளைத் தொட்டு எழுப்பிவிட்டு, தான் உட்கார்ந்தாள். அவளும் பஞ்சை அடக்கிக்கொண்டாள்.

செட்டுக்காரர் அவள் தாடையைப் பிடித்தார். "நீங்க எங்கிருந்து வர்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பாப்பா வாயைத் திறந்தாள். ஆ வரவில்லை, அழுகை வந்தது. எழுந்து கூடத்துக்கு ஓடி, ஈர விரிப்புகளுக்கு நடுவே நின்று தேம்பினாள்.

"எனக்கு முடியாது அண்ணி. எங்கப்பா என்னை நீங்கங்கிறாரு. குழாயே தேவலாம்னு இருக்கு எனக்கு. குழாய் போட்டா பேசாமலாவது இருப்பாரு."

"நான் வாக்கப்பட்டு வந்தவ பாப்பா. இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு எல்லாருக்கும் நான் யாரோ எவளோதானே. எனக்கு இது ஒண்ணும் புதுசில்ல."

சொல்லிவிட்டு, சொன்னது வேடிக்கையா வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை. பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்தில் தொங்கிய விரிப்பின் முனையிலேயே முகத்தைத் துடைத்தாள்.

"அது துவைச்ச விரிப்பு" என்றாள் மருமகள்.

"காயவா போகுது?" என்றாள் பாப்பா.

நர்ஸ் குழாயைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆனால் பையின் ஜிப்பை இழுக்கவில்லை. "இறங்குது, ஒத்துக்கிறேன். ஆனா இவ்வளவு பத்தாது. கிண்ணத்துல பாதி அப்படியே இருக்கு பாருங்க. ஒவ்வொரு வேளையும் முழுக் கிண்ணம் இறங்கணும். அடுத்த வாரம் வந்து எடை போடுவேன். ஏறலைன்னா நான் டாக்டர் பேச்சைத்தான் கேட்கணும்." குனிந்து செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எத்தனை நாளைக்குத் தாங்கும்னு எனக்குத் தெரியாதும்மா. இந்தப் பழக்கமும் ஒருநாள் போகும். அப்ப உங்களை நீங்களே திட்டிக்காதீங்க."

"சரிக்கா."

"அந்தப் பல்லையும் போய்ப் பாருங்க."

பாப்பாவுக்குப் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைக்க வேண்டும். ஞாயிறு காலையில் வந்து இருப்பதாகவும், அண்ணி போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வரவேண்டும் என்றும் சொன்னாள். கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். இருவரும் போன பிறகு வீட்டில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. சட்டை மூட்டை பிரிக்காமல் கிடந்தது. மருமகள் மீதிக் கஞ்சியைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு வந்தாள். புதுப் பஞ்சு வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தாள்.

நாலு வாய் நன்றாகப் போயிற்று. ஐந்தாவதுக்கு அவள் ஆ காட்டினபோது செட்டுக்காரர் காட்டவில்லை. அவள் தாடையை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் துடைத்துக்கொண்டார்.

"ஆச்சு. உங்களுது முடிஞ்சுது" என்றார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்க."

"முடிஞ்சுது. ரெண்டு நாளைக்குக் கடினமா எதையும் கடிக்காதீங்க." கதவுப் பக்கம் கையைக் காட்டினார். "அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். நிஜமாகவே பார்த்தாள். கதவுக்கு வெளியே கூடம். கூடத்தில் விரிப்புகள். அதற்கு அப்பால் சாத்தின தெருக்கதவு. அடுத்த ஆளுக்கு அவள் எங்கே போவாள்? புருஷன் செக்போஸ்டில். பாப்பா பேருந்தில். டீச்சர் வேறு யார் வீட்டிலோ மணியாட்டிக்கொண்டிருப்பாள்.

செட்டுக்காரர் காத்திருந்தார். தொழில்காரர் காத்திருக்கிற மாதிரி, கொஞ்சம் பொறுமையில்லாமல், விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டு, கதவையே பார்த்தபடி காத்திருந்தார். கிண்ணத்தில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

மருமகள் எழுந்தாள். முழங்கால் மளுக்கென்றது. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஈர விரிப்புக்கு மறைவில் நின்று, அவிழ்ந்து கிடந்த கொண்டையை இறுக்கி முடிந்தாள். வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு வேறு வைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் கண்ணை மூடி, சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். சுவர் குளிர்ச்சியாக, இதமாக இருந்தது. அப்படியே நின்றுவிடலாம் போலிருந்தது.

பிறகு போய், திறந்தே கிடந்த கதவைத் தட்டினாள்.

"உள்ள வரலாமா, ஐயா?" என்று கேட்டாள்.